தலையில் எழுதியதைப் படித்துச் சொல்லுங்கள்: ராகமாலா ஓவியங்களின் காப்பாட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராகமாலா ஓவியங்களைப் பாதுகாத்து வரும் அருங்காட்சியகங்களின் காப்பாட்சியர்களுக்கும் காட்சிக்கூடப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஓவிய ஆராய்ச்சியாளன் இல்லை. மார்கழியில் சபா சபாவாக ஏறி இறங்கும் கச்சேரி ரசிகன், அவ்வளவுதான். ஒவ்வொரு ராகத்தையும் ஒரு ஆணாகவோ பெண்ணாகவோ உருவகித்து வரிசையாக வரைந்த சிற்றோவியங்கள்தான் ராகமாலா; அதில் பெண்ணாக வரும் ராகத்துக்கு ராகினி என்று பெயர். பெயரில் ராகம் இருக்கிறதே என்றுதான் இந்த ஓவியங்களின் பக்கம் வந்தேன். வந்தபின் விட முடியவில்லை. வடக்கே எந்த ஊருக்குப் போனாலும், அங்கே அருங்காட்சியகம் இருந்தால், சிற்றோவியக் கூடம் எங்கே என்றுதான் முதலில் கேட்பேன். அப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்த ஒரு குறையை உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். குறிப்பிட்ட ஒருவரை மனதில் வைத்து எழுதவில்லை.

குறை இதுதான். ராகமாலா ஏடுகளில், அதாவது ஓவியத் தாள்களில், பெரும்பாலானவற்றின் தலைப்பகுதியில் ஒரு செய்யுள் இருக்கும். ராஜஸ்தானத்து மேவார், மத்திய இந்தியாவின் மால்வா ஏடுகளில் மஞ்சள் பட்டையில் நாகரி எழுத்தில் பளிச்சென்று தெரியும். சிலவற்றில் சமஸ்கிருதம், சிலவற்றில் பழைய இந்தி வகையான வ்ரஜ மொழி. இன்னும் சில ஏடுகளில் எழுத்து பின்புறம் இருக்கும். அந்தச் செய்யுள்தான் ஓவியத்துக்கு மூலம். ஆனால் நான் பார்த்த கூடங்கள் பலவற்றில் அந்தப் பட்டையை, படத்தைச் சுற்றி ஜன்னல் போல வெட்டி வைக்கும் மவுண்ட் அட்டை பாதி மறைத்திருந்தது. மறைக்காத இடத்திலும் அது என்ன சொல்கிறது என்று ஒரு வரி கிடையாது. விளக்க அட்டையில் 'தோடி ராகினி, மால்வா, 17-ஆம் நூற்றாண்டு, காகிதத்தில் நீர்வண்ணம்' என்று இருக்கும். வருகிறவர்கள் ஒரு பெண்ணைப் பார்ப்பார்கள், இரண்டு மானைப் பார்ப்பார்கள், 'அழகா இருக்கு' என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். அவர்கள்மேல் தப்பு இல்லை. அவர்களுக்கு வேறு எதுவும் சொல்லப்படவில்லை.

தோடியையே எடுத்துக்கொள்வோம். சங்கீத தர்ப்பணம் என்ற வடமொழி இசைநூல் தரும் தோடியின் தியானச் செய்யுளை, அதாவது அந்த ராகத்தின் உருவத்தை வருணிக்கும் செய்யுளை, தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: பனியும் குந்தமலரும் போல ஒளிரும் மேனி, அதில் காஷ்மீரத்துக் குங்குமப்பூவும் கற்பூரமும் பூசியிருக்கிறாள், காட்டோரத்தில் மானை மகிழ்வித்தபடி வீணை ஏந்தி விளங்குகிறாள் இந்தத் தோடி. நான்கு அடிதான். இதைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தால் மான் வேறு மானாகிவிடுகிறது. அது காட்டை அழகுபடுத்த வரைந்த மான் அல்ல. இசை கேட்க வந்த ரசிகர் அது. அவள் வாசிப்பதற்கு அந்தப் படத்துக்குள் இருக்கும் ஒரே சாட்சியும் அதுதான். ஓவியத்தில் ஒலி கேட்காது. அதனால் ஓவியர் ஒலியை வரையாமல், ஒலியைக் கேட்கும் காதுகளை வரைந்திருக்கிறார்.

தமிழ் வாசகருக்கு இது புதிய விஷயமும் இல்லை. அகநானூற்றின் 102-ஆம் பாட்டில் தினை தின்ன வந்த களிறு ஒன்று, கொடிச்சி குறிஞ்சிப் பண் பாடக் கேட்டு, கதிரையும் கொள்ளாமல் இடத்தைவிட்டும் பெயராமல் நின்றபடி உறங்கிப்போகும். மால்வா ஓவியருக்கு இந்தப் பாட்டு தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அந்தப் பாட்டைத் தெரிந்த ஒருவர் உங்கள் கூடத்துக்குள் வந்தால், தோடியின் முன் கொஞ்சம் கூடுதலாக நிற்பார். அந்த நாலு வரிப் பொருளை நீங்கள் எழுதி வைத்திருந்தால்.

ஆசாவரி இன்னும் சுவையான சங்கதி. படத்தில் கரிய நிறப் பெண் ஒருத்தி பாறைமேல் உட்கார்ந்திருப்பாள். மயில் தோகையால் ஆன உடை. சுற்றிலும் பாம்புகள், மரத்திலிருந்து இறங்கி அவளை நோக்கி வரும், அல்லது அவள் கையிலேயே இருக்கும். இதைப் பார்க்கும் குழந்தைகள் 'பாம்பாட்டி' என்று கத்துவதைக் கேட்டிருக்கிறேன். பெரியவர்களும் மனதுக்குள் அதையேதான் நினைப்பார்கள் போலிருக்கிறது. செய்யுள் சொல்வதோ வேறு. சந்தன மலையின் உச்சியில், மயில்தோகை ஆடையும் யானை முத்து மாலையும் அணிந்து, சந்தன மரத்திலிருந்து பாம்பை இழுத்து வளையலாக அணிந்துகொள்ளும் நீல ஒளி கொண்ட பெண் அவள். மலைவாழ் சபரர் குலப் பெண் என்பது 'சாவரி' என்ற பழைய பெயரிலேயே இருக்கிறது. சந்தனத்துக்கும் அதைச் சுற்றும் பாம்புக்கும் வடமொழிக் கவிகள் எப்போதும் காட்டும் மலை மலயம். அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி, நம் பொதிகையையும் சேர்த்து.

சற்று யோசித்துப் பாருங்கள். மேவாரின் வறண்ட குன்றுகளுக்கு நடுவே உட்கார்ந்து, தாம் அநேகமாகக் கண்ணால் பார்த்தே இராத ஒரு தென்னாட்டு மலையை, ஒரு செய்யுளை மட்டும் நம்பி ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள். பாறை ராஜஸ்தானத்துப் பாறையாக, இளஞ்சிவப்பும் ஊதாவுமாக இருக்கிறது. சந்தன மரமும் ஏதோ ஒரு மரம்தான். ஆனால் பாம்பு சரியாக இருக்கிறது, தோகை சரியாக இருக்கிறது, அவள் உட்கார்ந்திருக்கும் தோரணை அந்த மலைக்குச் சொந்தக்காரியின் தோரணை. திருநெல்வேலியிலிருந்து சுற்றுலா வரும் ஒரு குடும்பத்துக்கு, 'இது உங்கள் ஊர்ப் பக்கத்து மலை' என்று சொல்ல அந்த அட்டையில் இடம் இல்லையா?

செய்யுளைக் காட்டச் சொல்வதால், ஓவியர்கள் செய்யுளை அப்படியே பின்பற்றினார்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். செய்யுளும் ஓவியமும் முறைத்துக்கொண்டு நிற்கும் இடங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. மால்கௌசைப் பாருங்கள். சங்கீத தர்ப்பணத்தின்படி மாலவ கௌசிகன் செந்நிறத்தவன், குருதி தோய்ந்த தண்டு ஏந்தியவன், பகைவர் மண்டையோடுகளை மாலையாகப் போட்டவன், வீரர்கள் சூழ நிற்பவன். ராஜஸ்தான ஏட்டில் அவன் என்ன செய்கிறான்? திண்டில் சாய்ந்துகொண்டு காதலியோடு உட்கார்ந்து வெற்றிலை வாங்கிக்கொள்கிறான். மண்டையோடும் இல்லை, தண்டும் இல்லை. ஓவியர்களிடம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த மாதிரிப் படங்கள் இருந்தன. செய்யுள் ஒரு பக்கம் போக, அந்த மாதிரிகள் தம் வழியில் போயிருக்கின்றன. ஹிந்தோளத்தின் செய்யுள் ஊஞ்சலில் ஆடும் நாயகனைக் குட்டையானவன், புறாவின் மினுமினுப்பு நிறத்தவன் என்கிறது. ஊஞ்சலை எல்லோரும் வரைந்தார்கள். குட்டை நாயகனை வரைய யாருக்கும் மனம் வரவில்லை. பல ஏடுகளில் ஊஞ்சலில் கண்ணனே ஏறி உட்கார்ந்துவிட்டான். இதெல்லாம் செய்யுளைப் பக்கத்தில் வைத்தால் மட்டுமே தெரியும் வேடிக்கை.

இன்னும் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். தேசாக் என்ற ராகினிக்குப் படத்தில் பெண்ணே இருக்க மாட்டாள்; மல்லர்கள் கர்லாக்கட்டை சுற்றுவார்கள், கம்பம் ஏறுவார்கள். நட் ராகினி குதிரைமேல் வாளோடு போர்க்களத்தில் நிற்கும். கோயில் புறப்பாட்டில் கம்பீர நாட்டையில் மல்லாரி கேட்டு வளர்ந்த எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. நாட்டை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். தனாஸ்ரீ பிரிந்துபோன காதலனின் உருவத்தைப் பலகையில் வரைந்துகொண்டிருப்பாள். ஓவியத்துக்குள் ஓவியம் எழுதும் பெண். விபாஸில் விடியற்காலை, கட்டிலில் காதலர்கள், கூரைமேல் சேவல். நாயகன் மலர் அம்பைச் சேவலை நோக்கிக் குறிவைக்கிறான்! கூவித் தொலைத்தால் விடிந்துவிடுமே என்ற கடுப்பு. லலிதத்திலோ காதலன் மாலையோடு கிளம்பிப் போய்க்கொண்டிருக்கிறான், அவள் தூங்குகிறாள். இரண்டும் விடியற்கால ராகங்கள். ஒரே பொழுதில் ஒருவன் போக மறுக்கிறான், மற்றொருவன் போயே விட்டான். இந்த இரண்டு ஏடுகளையும் அருகருகே மாட்டிய கூடம் எதையும் நான் பார்த்ததில்லை.

பொழுதுக்கும் இசைக்கும் உள்ள கட்டு நமக்கும் பழசுதான். புறநானூறு 149-இல், நள்ளியின் கொடை நிறைந்துபோனதால் பாணர்கள் காலையில் பாட வேண்டிய மருதத்தை மாலையிலும், மாலைக்குரிய செவ்வழியைக் காலையிலும் பாடித் தம் மரபையே மறந்தார்கள் என்று வன்பரணர் கேலியாகப் புகழ்வார். பொழுது மாறிப் பாடினால் சிரிக்கும் அளவுக்கு அந்த ஒழுங்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ராகமாலா ஏடுகளிலும் வானத்தின் நிறத்தைப் பார்த்தே பொழுதைச் சொல்லிவிடலாம். அட்டையில் 'காலை' அல்லது 'இரவு' என்று ஒரு சொல் சேர்த்தால் பார்வையாளர் வானத்தை நிமிர்ந்து பார்ப்பார்.

சரி, இப்போது கொஞ்சம் சண்டைக்கு வருகிறேன்.

அண்மைக் காலமாகச் சில கூடங்களில் ராகமாலா படங்களுக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி வைக்கிறார்கள். தோடி படத்தின் முன் நின்றால் தோடி, மேகத்தின் முன் நின்றால் மேக். நோக்கம் நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைச் செய்யும்போது, 'இந்தப் படம் இந்த இசையின் உருவம்' என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறீர்கள். ஓவியர் ஒரு பாடகர் பக்கத்தில் உட்கார்ந்து, ஆலாபனை கேட்டுத் தூரிகை எடுத்தார் என்று நினைத்துக்கொள்ள நன்றாகத்தான் இருக்கிறது. ஏடுகளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. செய்யுளும் பழைய மாதிரிப் படமும்தான் அவர்கள் கையில் இருந்தன என்றே பெரும்பாலும் தெரிகிறது. ஒரே ராகத்துக்கு ஊருக்கு ஊர் வேறு படம் இருப்பதும், ஒரு ராகத்தின் படத்துக்கு இன்னொரு ராகத்தின் பெயர் எழுதியிருப்பதும் அதனால்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல், ராகங்களே மாறிவிட்டன. கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்கு இதைச் சட்டென்று சொல்லிவிடலாம். நம் தோடி 8-ஆவது மேளம், அதாவது தாய் ராகம். இன்றைய ஹிந்துஸ்தானி தோடி தாட் (வடக்கே மேளத்துக்கு ஈடானது தாட்) நம் 45-ஆவது மேளமான சுபபந்துவராளியோடு பொருந்தும். நம் தோடியின் ஸ்வரங்களை வடக்கே பைரவி என்பார்கள். நம் ஹிந்தோளத்தை அவர்கள் மால்கௌன்ஸ் என்பார்கள். அவர்களுடைய ஹிந்தோலோ நம் சுநாதவினோதினிக்கு நெருக்கம். நம் ஸ்ரீராகம் கரகரப்ரியாவின் ஜன்யம். அவர்களுடைய ஸ்ரீ பூர்வி தாட். மேக் மட்டும் ஏதோ புண்ணியத்தில் நம் மத்தியமாவதிக்கு அருகில் இருக்கிறது.

ஆகவே சென்னைக்காரர் ஒருவர் ஊஞ்சல் படத்தின் கீழே ஹிந்தோளம் என்று படித்துவிட்டு மனதுக்குள் 'சாமஜவரகமனா' பாட ஆரம்பித்தால், அவர் பாடுவது வடக்கத்தியார் காதுக்கு வெற்றிலை வாங்கும் மால்கௌஸ். 1600-இல் அந்தப் பெயர்களுக்கு இருந்த ஸ்வரங்கள் இன்று தெற்கிலும் வடக்கிலும் அதே பெயர்களுக்கு இருப்பவைதாம் என்று யார் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள்? ஒலிபெருக்கி வைப்பதானால், 'இது இன்று இப்பெயரில் பாடப்படும் ராகம்; ஓவியம் வரைந்த காலத்து ராகம் அல்ல' என்று எழுதி வையுங்கள். முடிந்தால் தோடிக்குக் கர்நாடகத் தோடி, ஹிந்துஸ்தானி தோடி இரண்டையும் வைத்து, கேட்பவரே குழம்பட்டும் என்று விடுங்கள். அது நேர்மையான குழப்பம். ஒரு கூடத்தில் நான் பார்த்தது போல, எல்லாப் படங்களுக்கும் பொதுவாக ஒரு சந்தூர் ஒலித்தட்டை ஓடவிடுவது மட்டும் வேண்டாம். துணிக்கடைக்குள் நுழைந்தது போல இருந்தது.

ராகத்துக்கு உருவம் கொடுத்த இந்த மரபில் தெற்கத்தியாருக்கு என்ன பங்கு என்று கேட்பவர்களும் உண்டு. கேட்கட்டும். ராகங்களை ஆட்களாக வருணித்து 'ராகமாலா' என்றே பெயரிட்டு ஒரு நூல் எழுதிய புண்டரீக விட்டலர் கர்நாடகத்துக்காரர். காந்தேசத்து புர்ஹான் கானின் ஆதரவில் இருந்துவிட்டு, பிறகு ஜெய்ப்பூர் பக்கத்து ஆம்பேர் அரச குடும்பத்தின் அரவணைப்புக்குப் போனவர். 1609-இல் ராகவிபோதம் எழுதிய சோமநாதரும் ராகங்களை ஆட்களாக வருணித்திருக்கிறார். பீஜாப்பூரை ஆண்ட இரண்டாம் இப்ராஹிம் ஆதில் ஷா தம் தம்பூருக்கு மோதி கான் என்று பெயர் வைத்துக் கொஞ்சியவர். தக்காணத்து உருதுவான தக்கினி மொழியில் அவர் பாடிய பாட்டுகளிலும் ராகங்கள் உருவம் எடுத்து வருகின்றன. தஞ்சாவூரில் இதே 17-ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி வேறு வழியில் போனார். அவர் ராகங்களுக்கு முகம் கொடுக்கவில்லை, 72 மேளம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். அந்தக் கணக்குதான் இங்கே நின்றது. வடக்கிலும் 1813-இல் பாட்னாவில் முகம்மது ரேஸா ராக-ராகினி குடும்ப முறை இசைக்குப் பொருந்தவில்லை என்று எழுதிவிட்டார். ஆனால் ஓவியத்தில் அந்தக் குடும்பம் அதற்குப் பிறகும் கொஞ்சகாலம் வாழ்ந்தது.

குடும்பம் என்று சும்மா சொல்லவில்லை. பைரவன், மால்கௌஸ், ஹிந்தோளம், தீபகம், ஸ்ரீ, மேகம் என்று ஆறு ராகங்கள் ஆண்கள். ஒவ்வொருவருக்கும் ஐந்து ராகினிகள் மனைவியர். ஆக 36. (ஆறு பேருக்கும் ஆளுக்கு ஐந்து மனைவி என்று கணக்கு வைத்தது நிச்சயம் ஏதோ ஒரு அரண்மனையில்தான் நடந்திருக்கும்.) இமய அடிவாரத்துப் பஹாடி மலைநாட்டு ஓவியர்கள், க்ஷேமகர்ணர் 1570-இல் எழுதிய நூலைப் பின்பற்றி ஒவ்வொரு ராகத்துக்கும் எட்டு மகன்களையும் சேர்த்து 84 வரை கொண்டு போனார்கள். அந்த நூலில் ராகங்களின் ஒலியைப் பறவை விலங்குகளின் குரலோடும் வீட்டு வேலைகளின் ஓசையோடும் ஒப்பிடும் பகுதி ஒன்று உண்டு. பஹாடி ஏடுகள் சிலவற்றில் அரண்மனைச் சொகுசு குறைந்து, வேலை செய்யும் கைகள் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாலை என்று பெயர் வைத்ததற்கு அர்த்தம் இருக்கிறது. ஒரு ஏடு தனியே நின்று பேசாது. ஸ்ரீராகத்தில் அரியணையில் அமர்ந்து, குதிரைமுகப் பாடகரோடு இசை கேட்கும் அரசனுக்கு அடுத்த ஏடுகளில் வருபவர்கள் அவன் வீட்டார். அந்த வரிசை இன்று எங்கே இருக்கிறது? 1591-இல் காசிக்கு அருகே சுனாரில் ஷேக் ஹுசைன், ஷேக் அலி, ஷேக் ஹாத்திம் என்ற மூவர் ஒரு மாலை வரைந்தார்கள். மீர் சையத் அலி, அப்துஸ் ஸமத் என்ற பாரசீக ஆசான்களின் மாணவர்கள் தாங்கள் என்று ஏட்டிலேயே எழுதி வைத்தார்கள். அந்த அமைப்பைத்தான் ராஜஸ்தானத்துப் பூந்தியிலும் கோட்டாவிலும் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் திரும்பத் திரும்ப வரைந்தார்கள்; அதே குவிமாடம், அதே தாமரைக் குளம், அதே சாய்வு. மூலமான அந்த ஏடுகள் இன்று பல நாடுகளில் பல பெட்டிகளில் இருக்கின்றன. 1605-இல் மேவாரின் சாவண்டில் நஸீருத்தீன் வரைந்த மாலையும் அப்படியே சிதறிவிட்டது. மேவார் ராணா முகலாயரோடு போராடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்த நெருக்கடியிலும் ஒரு மாலை முழுதாக உருவாகியிருக்கிறது; பிறகு வந்த அமைதிக் காலங்களில் அது உதிர்ந்து போயிருக்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்துக்கு 1640-இல் இங்கிலாந்துப் பேராயர் லாட் கொடுத்த ஏட்டுத் தொகுப்பில் பதினெட்டு ராகமாலா படங்கள் இருக்கின்றன. அவ்வளவு முன்பே கடல் கடந்துவிட்டன. அவை திரும்ப வர வேண்டும் என்று நான் இங்கே கேட்கவில்லை. அது வேறு வழக்கு, வேறு மடல். நான் கேட்பது ஒரு வரி: 'இந்த ஏடு இன்ன மாலையைச் சேர்ந்தது, இதன் உடன்பிறப்புகள் இன்ன இன்ன இடங்களில் உள்ளன.' உங்கள் பதிவேட்டில் இந்த விவரம் ஏற்கெனவே இருக்கும். ஏட்டின் பின்புறம் பழைய அரண்மனைச் சேகரிப்பின் எண் இருந்தால் அதையும் சொல்லுங்கள். வணிகர்கள் கட்டைப் பிரித்து ஒவ்வொரு ஏடாக விற்ற கதையை அந்த எண்கள் சொல்லும். இணையத்தில் இந்த ஏடுகளை அவற்றின் பழைய வரிசைப்படி அடுக்கிக் காட்டுவது இன்று நடக்காத காரியமா? படங்கள் பல ஏற்கெனவே இணையத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயரில் தனித்தனியே வைத்திருக்கிறது, அவ்வளவுதான். யாராவது ஒருவர் மற்றவருக்குக் கடிதம் எழுத வேண்டும்.

ஓவியர்களின் பெயரையும் பெரிய எழுத்தில் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இவ்வகை ஓவியங்களில் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. 1623-இல் மார்வாரின் பாலியில் பண்டித வீர்ஜி, 1628-இல் உதய்பூரில் ஸாஹிப்தீன், 1680-இல் மால்வாவில் மாதோதாஸ். பெயர் தெரிந்த இந்தச் சிலரையாவது 'மேவார் பாணி', 'மால்வா பாணி' என்ற போர்வைக்குள் போட்டு மூட வேண்டாம். ஸாஹிப்தீனின் சிவப்புப் பின்னணிக்கும் மாதோதாஸின் கறுப்பு வானத்துக்கும் இடையே எவ்வளவு தூரம்! கச்சேரி அறிவிப்பில் 'வாய்ப்பாட்டு, தஞ்சாவூர் பாணி' என்று மட்டும் அச்சடித்துப் பாடகர் பெயரை விட்டுவிட்டால் சபா வாசலில் கலவரமே வந்துவிடும்.

உங்கள் சங்கடங்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. காகித ஓவியத்தின்மேல் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் விழக்கூடாது. மாதக்கணக்கில் தொடர்ந்து மாட்டியும் வைக்க முடியாது. அதனால் சில ஏடுகளை மட்டும் முறைவைத்து வெளியே எடுக்கிறீர்கள், மற்றவை பெட்டியில் உறங்குகின்றன. ஆட்கள் குறைவு. மங்கிய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. பழைய வ்ரஜ மொழிச் செய்யுளை ஓவியர் பிழையாகப் பார்த்து எழுதியிருந்தால் அதைத் திருத்திப் படிப்பது இன்னும் கடினம். ஆனால் சங்கீத தர்ப்பணம் போன்ற நூல்களின் தியானச் செய்யுள்கள் அச்சில் இருக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் பல மாலைகளின் ஏடுகளை ஒப்பிட்டுப் பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஒரு ஏட்டுக்கு நான்கு வரிப் பொருள், ஒரு தாளில் தட்டச்சு செய்து கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினாலே போதும். அழகான தொடுதிரை வரும்வரை காத்திருக்க வேண்டாம். தொடுதிரைகள் வந்த கூடங்களில் பாதி நாள் 'பழுது' என்று துண்டுச்சீட்டு ஒட்டியிருப்பதைத்தான் பார்க்கிறேன்.

மவுண்ட் அட்டை விஷயத்திலும் ஒன்று. அடுத்த முறை ஏட்டுக்குப் புதிய அட்டை வெட்டும்போது, ஜன்னலை எழுத்துப்பட்டையும் சேர்ந்து தெரியுமாறு பெரிதாக வெட்டச் சொல்லுங்கள். அஞ்சலட்டைக்கும் நாட்காட்டிக்கும் படம் கொடுக்கும்போது மேல்பட்டையை நறுக்கிவிடாதீர்கள். நறுக்கிய படம் அச்சில் அழகாக இருக்கலாம். ஆனால் அதை வாங்கிப் போகிறவர் வீட்டில் தோடி வெறும் மானும் பெண்ணும்தான்.

மொழி பற்றிக் கடைசியாக. ஆங்கிலமும் இந்தியும் மட்டும் போதாது. வங்காளம், மராத்தி, தெலுங்கு, தமிழ் என்று எல்லா மொழிக்காரர்களும் தில்லிக்கும் ஜெய்ப்பூருக்கும் உதய்ப்பூருக்கும் வருகிறார்கள். பெரிய அட்டையில் எல்லா மொழியும் அடங்காது, புரிகிறது. வாசலில் கேட்டால் கொடுக்கும் ஒரு மடிப்புத்தாள் போதும். இல்லையென்றால் செல்பேசியில் ஸ்கேன் செய்தால் வரும் ஒரு பக்கம். சமஸ்கிருதமும் தமிழும் தெரிந்த ஆசிரியர்கள் சென்னையிலும் தஞ்சாவூரிலும் திருவையாற்றிலும் இருக்கிறார்கள். ராகம் தெரிந்தவர்களுக்கும் இங்கே பஞ்சம் இல்லை. நாலு வரிச் செய்யுளைத் தமிழாக்கித் தாருங்கள் என்று ஒரு அருங்காட்சியகம் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. சிலர் எட்டு வரியாக எழுதித் தருவார்கள், அதை நீங்கள்தான் வெட்ட வேண்டியிருக்கும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், ஆசாவரி ஏட்டிலிருந்து தொடங்குங்கள். ராகமாலா சேகரிப்பு கொஞ்சமாவது உள்ள இடத்தில் ஒரு ஆசாவரி இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த முறை அது பெட்டியிலிருந்து வெளியே வரும்போது சந்தன மலையும் யானை முத்தும் பாம்பு வளையலும் அட்டையில் இருக்கட்டும். பாம்பாட்டி என்று கத்தும் குழந்தைக்கு அப்பாவோ அம்மாவோ படித்துச் சொல்வார்கள்.

அன்புடன்,
மார்கழிக் கச்சேரி ரசிகன் ஒருவன்
சென்னை